சிறு கோடு

காலை ஒன்பதிலிருந்து
ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்பது என் வேலை.
நேராகக் கேட்கக் கூடாது.
நலமா, மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து பேசுகிறேன்
என்று தொடங்க வேண்டும்.
மறுமுனை மௌனமானால்
மன்னிக்கணும், எப்போது, என்று கேட்டுத்
தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
ஒன்று என்றால் இறப்பு. சுழியம் என்றால் இருப்பு.
வேறு எதற்கும் அட்டவணையில் கட்டமில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ரொஹானா சீவுகிறாள்.
மெழுகுக் கட்டிக்குள் புற்றுக் கட்டி,
குடலிலிருந்து ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் வட்டம்,
ஒரே தகட்டில் அறுபது பேர்,
கொம்தார் அடியில் பேருந்துக்கு நிற்பவர்கள்போல
ஒருவரை ஒருவர் அறியாமல்.
சாயத்தில் தோய்த்தால் எல்லோரும் நீலம்.
நாங்கள் தேடும் புரதம் இருக்குமிடம் மட்டும் பழுப்பேறும்.
இல்லாததற்குச் சுழியம், லேசானதற்கு ஒன்று,
இரண்டு,
பிறகு மூன்று.
மூன்று, வீட்டாரைத் தனியே அழைத்துப் பேசவேண்டிய பழுப்பு.
யாரும் இதுவரை அழைத்ததில்லை.
இது இன்னும் ஆராய்ச்சிதான்.

என் திரையில் இரண்டு படிக்கட்டுகள்.
அறுவை முடிந்த நாளில் எல்லோரும் உச்சியில்,
நூற்றுக்கு நூறு.
ஒருவர் போனால் ஒரு படி கீழே.
பழுப்பேறியவர்களின் படிக்கட்டு
சீக்கிரமே தரையைத் தேடுகிறது.
நீலமாகவே நின்றவர்களுடையது
மேலேயே கொஞ்சம் உலாவுகிறது.
இரண்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடம்தான்
எங்கள் கண்டுபிடிப்பு.
டாக்டர் இயோ அதை விரலால் அளந்து சிரித்தார்.
நானும் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

நூற்றுப் பதினேழு. பழுப்பு மூன்று.
கணக்குப்படி பதினெட்டு மாதம்.
அறுவை நடந்து ஆறு வருடம்.
ஒன்றைத் தட்ட விரலை வைத்துக்கொண்டே அழைத்தேன்.

"யாரு? லோன் வேணாம்மா."
பின்னால் ஏதோ எண்ணெயில் விழுந்து சீறியது.
சன்னாசி ஐயா வீட்டில் யாராவது...
"நான்தான் சன்னாசி. சுங்கை டுவாவுல கடை.
பத்து வெள்ளிக்கு வடை கேட்டு நிக்கிறாங்க, சீக்கிரம் சொல்லு."
சொன்னேன், சுற்றிவளைத்து.
"இருக்கேனான்னு கேக்கத்தான் கூப்பிட்டியா?"
ஆமாம் ஐயா.
"என் தம்பி கேட்டே ரெண்டு தீபாவளி ஆச்சு."
அகப்பை சட்டியில் தட்டும் ஓசை.
"அறுத்து எடுத்தீங்களே, அதுல என்னா தெரிஞ்சிச்சு?"
சொல்ல எனக்கு அனுமதியில்லை.
பழுப்பா இருந்துச்சு, என்றேன்.
"கோப்பி மாதிரியா?"
கோப்பி ஓ மாதிரி.
"ஓ-வா, ஓ கோசோங்கா?"
கோசோங்.
"ஆமா, எனக்குச் சீனி ஆகாது. சரியாத்தான் பாத்திருக்கீங்க."
வைத்துவிட்டார்.

ஒரு ஆளால் வளைவு திரும்பாது என்றார்
புள்ளிவிவரம் பார்க்கும் கிம் சுவான்.
திரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இருநூற்று நான்கு. துளிப் பழுப்பும் இல்லை, நல்ல நீலம்.
ஜெலுத்தோங் முகவரி, ஐம்பத்திரண்டு வயதுப் பெண்.
இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு குரல்.
மூன்று முறை.
அதே குரல், அதே பணிவு.

இருப்பவர் இன்றுவரை இருப்பவர், அவ்வளவுதான்;
நாளைக்கு நாங்கள் பொறுப்பில்லை.
அதனால் அவருக்குப் படி கிடையாது,
நகம் கீறியதுபோல ஒரு சிறு கோடு.
தொடர்பு விட்டுப்போனவருக்கும் அதே கோடு,
அதே நீளம்.
நீலத்தின் மேட்டில், பிற கோடுகளின் நெரிசலில் அவள்.
பழுப்பின் கடைசித் தரையில்,
எல்லோரும் இறங்கிப் போனபின், ஒற்றையாய் இவர்.

சுழியம் இட்டேன்.
தேதி கேட்டது, கொடுத்தேன்.
நேரம் கேட்கவில்லை.
குறிப்பு என்றொரு கட்டம், யாரும் திறப்பதில்லை,
அதில் தட்டி வைத்தேன்:
பதினொன்று நாற்பது. எண்ணெய் சீறுகிறது.